பத்தடி தூரத்துப் பாட்டு

தையல் போட்ட மறுநாள் டாக்டரம்மா என் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

"கர்ப்பப்பை வாய் பலமில்லாம இருக்கு. தையல் போட்டு இழுத்துப் புடிச்சிருக்கேன். இனிமே பாத்ரூமுக்கு மட்டும்தான் எழுந்திரிக்கணும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் படுக்கையிலதான். பிரசவம் வரைக்கும் இப்படித்தான்."

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பாதி வரைக்கும்தான் நான் கவனித்தேன். பிரசவம் வரைக்கும் என்றால் இன்னும் எத்தனை மாசம் என்று மனசு கணக்குப் போடப் போனது. பாதியிலேயே பயந்து நிறுத்திக்கொண்டது.

முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அப்போது ஓசூரில் சர்க்யூட் போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். ஷிப்ட் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. "நின்னு நின்னுதான் இப்படி ஆச்சு" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. இருந்தாலும் திரும்பத் திரும்பக் கேட்டதில் நானே அதை நம்ப ஆரம்பித்திருந்தேன். அதனால் இந்த முறை யாரும் சொல்வதற்கு முன்பே வேலையை விட்டேன். இண்டூருக்குப் பக்கத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்கு வந்து படுத்தேன். என் கணவருக்கு ஓசூரில் வேலை. வார லீவில் பஸ் பிடித்து வருவார்.

எனக்கு ஒதுக்கிய அறை முன்பு நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்த அறை. பாத்ரூம் ஒட்டினாற்போல் இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் செங்கல் வைத்து உயர்த்தினார் அப்பா. தலை தாழ்ந்தும் கால் உயர்ந்தும், ஒரு சரிவில் வழுக்கிக்கொண்டே இருப்பது போல இருந்தது. ஜன்னல் உயரத்தில் இருந்தது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அதன் வழியாகப் பக்கத்து வீட்டு மாடியின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரியும். வலது பக்கம் திரும்பினால் சுவர். மல்லாந்து படுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

படுக்கையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வீட்டின் அமைதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீடு அமைதியான வீடே இல்லை. அப்பா தக்காளியும் சாமந்தியும் வைக்கிறவர். இரண்டு மாடுகள் உண்டு. பால் கறக்கும்போது கொட்டகையில் ரேடியோ பாட வேண்டும், இல்லாவிட்டால் மாடு பாலை இழுத்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. ஹாலில் பழைய ஆம்பிளிஃபயர் ஒன்றும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரும் இருந்தன. பண்டிகை நாளில் அதில் அவர் போடும் பாட்டு ரோடு வரைக்கும் கேட்கும். அம்மா சீரியல் பார்த்தால் அதில் வருகிறவர்களோடு சண்டை போடுவாள். நான் வந்து படுத்ததும் இதெல்லாம் நின்று போயிற்று.

அதற்குக் காரணம் அப்பாவின் அக்கா, என் அத்தை. பார்க்க வந்தவள் வாசலிலேயே சொல்லிவிட்டாள். "வயித்துப் புள்ளக்கி அதிர்ச்சி ஆவக் கூடாது. போன தடவ மாதிரி ஆயிடப் போவுது. சத்தம் கித்தம் வேணாம்." அதோடு ரேடியோ கொட்டகையிலிருந்து பரணுக்குப் போனது. டிவி ஊமையானது. மிக்ஸி சத்தத்தில் நான் திடுக்கிட்டுவிடுவேன் என்று அம்மா தேங்காயையும் பொட்டுக்கடலையையும் தட்டில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சட்னி அரைத்து வந்தாள். பேசுவதெல்லாம் குசுகுசுவென்று. குசுகுசுவென்று பேசினால் அது என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆவாதும்மா, சத்தமாவே பேசு" என்றால், "சரி சரி, நீ தூங்கு" என்பாள், அதையும் குசுகுசுவென்று.

போன் இருந்தது. அதில் பாட்டும் இருந்தது. காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. காதுக்குள் எவ்வளவு பாட்டு ஓடினாலும் அதைக் கழற்றியதும் அதே செத்த வீட்டு அமைதி. அந்த அறையும் நானும் அந்தச் சத்தமும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டிருப்பது போல இருக்கும்.

ஒருநாள் அம்மா பரணிலிருந்து பழைய வேட்டி புடவைகளை இறக்கினாள், பிள்ளைக்குத் துணி கிழித்து வைக்க. கூடவே என் காலேஜ் அட்டைப்பெட்டியும் வந்தது. அதிலிருந்து ஒரு பச்சைப் போர்டை எடுத்துக் கதவோரம் நின்று காட்டினாள்.

"இது என்னா, குப்பையில போட்டுரட்டுமா?"

உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் அது. கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்காக வாங்கியது. ஒரு பக்கம் யுஎஸ்பி ஓட்டைகள், ஒரு பக்கம் இரண்டு வரிசை ஊசிகள், அடியில் மெமரி கார்டு செருகும் இடம். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அன்று மத்தியானம் முழுக்க அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இதை வைத்து என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியும். வை-ஃபையில் சேர்த்து, பாட்டெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுச் செருகி, ஹாலில் இருக்கிற ஆம்பிளிஃபயரோடு இணைத்துவிட்டால், கட்டிலில் படுத்தபடி போனில் தட்டினால் ஹாலில் பாட்டு ஓடும். நிறுத்தலாம், மாற்றலாம், சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். செய்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். படித்திருக்கிறேன், செய்ததில்லை.

அந்த வாரம் கணவர் வந்தபோது கேட்டேன். ஒரு மெமரி கார்டும், அந்த ஊசிகளின் மேல் உட்காருகிற மாதிரியான ஒரு சின்ன சவுண்டு போர்டும் வேண்டும் என்றேன். போர்டில் ஹெட்போன் ஓட்டை இருக்கிறது, ஆனால் அதில் வரும் சத்தத்தில் ஒரு இரைச்சல் கலந்திருக்கும், தனிப் போர்டு இருந்தால் சுத்தமாக வரும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதுக்கு எதுக்கு இவ்ளோ? போன்லயே கேக்கலாமே. ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கியாறன், பக்கத்துல வச்சுக்க."

"எனக்கு இந்த ரூமுல கேக்க வேணாங்க. அந்தப் பக்கம் கேக்கணும்."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரம் இரண்டையும் வாங்கிவந்தார்.

லேப்டாப்பை வயிற்றருகில் வைக்கக் கூடாது என்று சட்டம். ஒருக்களித்துப் படுத்து, ஸ்டூலின் மேல் லேப்டாப்பை வைத்து, ஒற்றைக் கையால் தட்டினேன். பாட்டுக்கென்றே செய்த மென்பொருள் ஒன்றை இறக்கிக் கார்டில் எழுதினேன். வை-ஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அதிலேயே போட்டு வைத்தேன். பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றிச் செருகினேன். சவுண்டு போர்டை ஊசிகளின் மேல் அழுத்தி உட்கார வைத்தேன். கழுத்து வலித்தது. இருந்தாலும் படுக்கையில் விழுந்த பிறகு முதல்முறையாக ஒரு மணி நேரம் என் வயிற்றைப் பற்றி நினைக்காமல் இருந்தேன். அது நினைவுக்கு வந்ததும் பயமாகவும் இருந்தது.

என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மீதி வேலை ஹாலில். ஹால் என் கட்டிலிலிருந்து பத்தடி இருக்கும். நடுவில் ஒரு கதவு, ஒரு சின்ன நடை. நான் போக முடியாது.

அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். வீடியோ காலில் கூப்பிட்டேன். ஒரே வீட்டுக்குள் வீடியோ கால். அவருடைய குரல் போனிலும் வந்தது, கதவு வழியாகவும் வந்தது.

"செவப்பு ஒயரு, வெள்ள ஒயரு ரெண்டு இருக்குது பாருங்கப்பா. ஆம்பிளிஃபயர் பின்னாடி அதே கலர்ல ஓட்ட இருக்கும்."

"இருக்குது. ஆனா எல்லாம் ஒரே கலரா இருக்குதே."

"தூசியப்பா. தொடைங்க."

துடைத்தார். தும்மினார். போன் கேமரா விட்டத்தைக் காட்டியது, அவர் மூக்கைக் காட்டியது, கடைசியில் ஆம்பிளிஃபயரின் முதுகைக் காட்டியது. ஒயரைச் செருகினார். பழைய போன் சார்ஜர் ஒன்றை எடுத்துப் போர்டுக்குக் கரண்ட் கொடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. என் போனில் அந்த மென்பொருளின் பாட்டுப் பக்கம் திறந்தது. நான் எழுந்து குதிக்காத குறை.

ஒரு பாட்டைத் தட்டினேன். ஹாலில் ஒரு நொடி ஏதோ கேட்டது. பிறகு நின்றது. பக்கம் காணாமல் போனது.

"வெளக்கு அணைஞ்சு மறுபடி எரியுதும்மா."

மறுபடி திறந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி செத்தது. பாடத் தொடங்கினால் அணைகிறது, சும்மா விட்டால் உயிரோடு இருக்கிறது. அன்றைக்கு முழுக்க அப்படியே. கார்டு கெட்டுவிட்டதா, சவுண்டு போர்டு சரியாக உட்காரவில்லையா, ஒயரில் ஏதாவதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "ஆட்டிப் பாருங்க." "கொஞ்சம் அழுத்துங்க." "அந்தச் சின்ன வெளக்கு பச்சையா, எரிஞ்சு எரிஞ்சு அணையுதா?" அப்பாவுக்குக் கொஞ்ச நேரத்தில் குரல் மாறியது. தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. அங்கே போய் ஒரே ஒரு நிமிஷம் என் கண்ணால் பார்த்தால் எது தப்பு என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் தலையில் இருந்தது. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன். காலைத் தரையில் வைத்தேன். தரை ஜில்லென்றிருந்தது. கதவு வரைக்கும் வந்திருப்பேன்.

அம்மா நடையில் நின்றிருந்தாள். கையில் சோற்றுத் தட்டு.

அவள் கத்தவில்லை. தட்டைக் கீழே வைத்தாள், என் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பினாள், கட்டிலில் படுக்க வைத்தாள். காலைத் தூக்கி வைத்தாள். அப்புறம்தான் பேசினாள். படுத்த நாளிலிருந்து நான் கேட்காத முழுக் குரலில் பேசினாள்.

"போன தடவ உனக்கு மயக்கம். உனக்கு ஒண்ணும் தெரியாது. அதத் துணியில சுத்தி யார் கையில குடுத்தாங்க தெரியுமா? என் கையில. உங்கப்பா வெளிய உக்காந்துட்டாரு. உன் வூட்டுக்காரரு சுவத்தப் பாத்து நின்னுட்டாரு. நான்தான் வாங்குனேன். சூடு இருந்துச்சு இன்னும்." மூச்சு வாங்கினாள். "உனக்குப் பாட்டு வேணுமா? பாட்டு?"

இதை அவள் அதற்கு முன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

போர்டையும் ஒயரையும் சுருட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். வை-ஃபை பெட்டியையும் கழற்றிவிட்டாள். அந்த அலை பிள்ளைக்கு ஆகாது என்று அத்தை ஏற்கெனவே சொல்லியிருந்தாளாம். போனில் சிக்னல் ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போகும். கணவரிடம் பேசுவதும் அறுந்து அறுந்துதான்.

அதன்பின் வந்த நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் மேல் காக்கை வந்து உட்காரும், போகும். தொட்டி நிரம்பி வழிந்தால் பக்கத்து வீட்டில் மோட்டாரை நிறுத்துவார்கள். சாப்பாடு வரும். மாத்திரை வரும். அம்மா என் காலை அமுக்கிவிடுவாள், பேசமாட்டாள். நானும் பேசவில்லை. கோபம் இல்லை. அவள் சொன்ன பிறகு கோபப்பட எனக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. அதுதான் மூச்சு முட்டியது. யார் மேலாவது கோபப்பட முடிந்தால் கொஞ்சம் காற்று வந்திருக்கும். எல்லோரும் என்னைக் காப்பாற்றுகிறார்கள். என் கையும் காலும் வயிறும் எல்லோருக்கும் பொதுவான சாமான்போல் ஆகிவிட்டிருந்தன. நான் அதற்குள் எங்கோ ஓரமாக இருந்தேன். எப்படியாவது இது முடிந்தால் சரி என்று ஒருநாள் நினைத்தேன். எப்படியாவது என்றால் எப்படி வேண்டுமானாலும். நினைத்த உடனே வயிற்றைக் கையால் மூடிக்கொண்டேன், உள்ளே கேட்டுவிடப் போகிறதே என்று.

சோறு இறங்கவில்லை. பாதித் தட்டு திரும்பிப் போகும். அம்மாவும் அப்பாவும் குசுகுசுவென்று ஏதோ பேசினார்கள். மறுபடி என்னைப் பற்றித்தான்.

அடுத்த சந்தை நாளில் சாமந்தியை எடுத்துக்கொண்டு அப்பா தர்மபுரி போனார். திரும்பி வந்தவர் நேராக என் அறைக்கு வந்தார். பையிலிருந்து ஒரு கறுப்பு அடாப்டரை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல போன் ரிப்பேர் பண்றவருகிட்ட சொன்னேன். பாடுனா செத்துப் போவுது, சும்மா இருந்தா உசுரோட இருக்குதுன்னு. அந்தப் பழைய சார்ஜரு கரண்ட் பத்தாதுன்னுட்டாரு. இதப் போடச் சொன்னாரு."

கரண்ட் பற்றவில்லை. அவ்வளவுதான். நான் கம்பெனியில் எத்தனை போர்டுகளுக்கு முதலில் அதைத்தான் பார்த்திருப்பேன். படுத்துக்கொண்டே இருந்தால் தெரிந்ததும் மறந்து போகிறது.

"அம்மா?" என்றேன்.

"அவதான் பீரோ சாவியக் குடுத்தா" என்றார். அடாப்டரை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

மறுபடி வீடியோ கால். மறுபடி சிவப்பு, வெள்ளை. வை-ஃபை பெட்டி ஹாலின் கோடியில்தான் இருக்க வேண்டும், என் அறைப் பக்கம் வரக் கூடாது என்பது அம்மா போட்ட ஒப்பந்தம். சரி என்றேன். போனில் பக்கம் திறந்தது. எந்தப் பாட்டு என்று பார்க்காமல் ஒன்றைத் தட்டினேன்.

பாட்டு வந்தது. ஹாலில் வந்தது. சுவர் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் என்னிடம் வந்தது. உச்சக் குரலெல்லாம் மழுங்கி, அடித்தாளம் மட்டும் கெட்டியாகக் கேட்டது. யாரோ கதவை மூடினால் குறைந்தது. திறந்தால் கூடியது. அப்பா நடந்து குறுக்கே போனது கூடத் தெரிந்தது. பத்தடி தூரத்தில் ஒரு வீடு இருக்கிறது, அதில் ஆட்கள் நடக்கிறார்கள் என்று என் காதுக்குத் தெரிந்தது. அழுதேன் என்று சொல்ல மாட்டேன். மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது, ஒருக்களித்துப் படுத்திருந்ததால் தலையணையெல்லாம் ஈரம்.

அடுத்த வாரம் அப்பா தானாகவே ஹால் ஸ்பீக்கரில் ஒன்றைக் கழற்றி, நீளமாக ஒயர் இழுத்து, ஜன்னல் வழியாகக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். காலையும் மாலையும் பால் கறக்கும் நேரத்துக்கு நான் பாட்டுப் போட வேண்டும். அது என் வேலை என்று ஆனது. "பாப்பா, போடு" என்று கொட்டகையிலிருந்து குரல் வரும். போடுவேன். சில நாள் வேண்டுமென்றே அவருக்குப் பிடிக்காத வேகப் பாட்டைப் போடுவேன். "மாடு ஒதைக்கப் போவுதும்மா!" என்று கத்துவார். அந்த வீட்டில் மறுபடி கத்துகிற சத்தம் கேட்டது.

அம்மா மட்டும் இதில் சேரவில்லை. அவள் பிறந்தது எல்லைப் பக்கத்து ஊர். அங்கே பாதி வீட்டில் கன்னடம்தான். கல்யாணமாகி வந்த பிறகு இங்கே பேச ஆளில்லை. பாத்திரம் துலக்கும்போது மட்டும் சில கன்னடப் பாட்டு அடிகளை முணுமுணுப்பாள். எந்தப் படம், யார் பாடியது என்று எனக்குத் தெரியாது. முணுமுணுத்த வார்த்தைகளைக் காதில் விழுந்தபடி தட்டித் தேடிப் பார்த்தேன். சில நாள் முயற்சிக்குப் பிறகு கிடைத்தது. ஒரு மத்தியானம் அவள் ஹாலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அதைப் போட்டேன்.

கத்தி பலகையில் படுகிற சத்தம் நின்றது. பாட்டு முடிகிற வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அம்மா கதவருகில் வந்து நின்றாள்.

"இது உனக்கு எங்க கெடச்சுது?"

"நீ பாடறத வச்சுத் தேடுனேன்."

"நான் எங்க பாடறேன்" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "இன்னொண்ணு இருக்குது. பேரு தெரியல. ஆத்துல பரிசல் போற மாதிரி வரும்."

அதைத் தேடுவதில் மூன்று நாலு நாள் ஓடியது. நாங்கள் மறுபடி பேசத் தொடங்கியது அந்தப் பரிசல் பாட்டைத் தேடித்தான். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

இவ்வளவும் சொன்னதால் பாட்டு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கட்டில் அதே கட்டில். ஹாலில் பாட்டு ஓடும்போது நான் அங்கே இல்லை என்பது இன்னும் நன்றாகத் தெரியும். சொந்தக்காரர்கள் வந்தால் ஹாலில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள், நான் போட்ட பாட்டைக் கேட்பார்கள், சிரிப்பார்கள். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு என் அறைக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் போனை எடுத்து ஹால் பாட்டை நிறுத்திவிடுவேன். அவ்வளவுதான் என் அதிகாரம்.

எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. அன்று சாயங்காலம் கொட்டகைக்குப் பாட்டுப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தேன். தொடையில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. பனிக்குடம் உடைந்திருக்கிறது என்று புரிய ஒரு கணம் ஆனது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். அப்பா கறந்த பாலை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. என்னை ஸ்ட்ரெச்சரில் நடை வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஹாலைக் கடந்தது எனக்கு நினைவில்லை. கூரை மட்டும் நினைவிருக்கிறது.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் தையலைப் பிரித்தார்கள். விடிவதற்குள் பெண் பிறந்தாள். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் டாக்டர் "நல்லா அழுவுறா, நல்லது" என்றார். துணியில் சுற்றி ஒரு முறை காட்டிவிட்டு, கண்ணாடிப் பெட்டி இருக்கிற வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் வேறு வார்டில். அம்மா இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரம்மா அப்பாவுக்குப் போன் செய்தார். மாடுகளை அவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணா, உங்க வூட்ல ஆளு யாராச்சும் இருக்காங்களா? பூட்டித்தான் கெடக்குது. உள்ள பாட்டு ஓடிட்டே இருக்குது. ராத்திரி பூரா ஓடுச்சு."

அப்பா போனை என்னிடம் நீட்டினார். அவசரத்தில் யாரும் நிறுத்தவில்லை. வரிசையில் இருந்த பாட்டெல்லாம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி நான்தான் வைத்திருந்தேன். என் போனில் அந்தப் பக்கத்தைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. அது வீட்டு வை-ஃபைக்குள் மட்டும் வேலை செய்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அதற்குக் கை எட்டாது.

"இங்கிருந்து நிறுத்த முடியாதுங்கக்கா. தொந்தரவா இருக்குதா?" என்றேன்.

"எங்களுக்கு என்னா தொந்தரவு. மாடு பாட்டுக்கு நின்னுச்சு, கறந்துட்டேன். நீ ஒடம்பப் பாத்துக்க. பாப்பா எப்படி இருக்குது?"

நல்லா இருக்கிறாள் என்று சொன்னேன். அது உண்மையா என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்பா பஸ் ஏறிப் போய் அணைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். அம்மா, "கெடக்கட்டும் விடு, இப்ப இங்க ஆளு வேணும்" என்றாள். அம்மாதான் சொன்னாள். அப்பா உட்கார்ந்துவிட்டார். ஆளில்லாத வீட்டில் அது அன்றைக்கும் பாடியது. அப்புறம் கரண்ட் போனபோது நின்றிருக்கிறது, வந்ததும் மறுபடி ஓடவில்லை.

மகள் பெட்டியிலிருந்து வெளியே வரப் பல வாரம் ஆயிற்று. அது வேறு ஒரு அடைப்பு. அதைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. கடைசியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு காரில் வீடு வந்தோம்.

வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். பிள்ளையை அம்மா வாங்கிக்கொண்டாள். நான் ஹாலில் நின்றேன். அப்போதுதான் அதை முதல்முறை கண்ணால் பார்த்தேன். போனில் மூலை மூலையாகப் பார்த்ததோடு சரி. ஆம்பிளிஃபயரின் மேல் ஒரு இனிப்பு டப்பா. பிளாஸ்டிக் டப்பா. சூடு காட்டிய கம்பியால் பக்கமெல்லாம் ஓட்டை போட்டு, உள்ளே என் போர்டை உட்கார வைத்திருந்தார் அப்பா. ஒயர்களைச் சாமந்தி கட்டுகிற நாரால் கட்டியிருந்தார். கொட்டகைக்குப் போகிற ஒயர் ஜன்னல் கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றி, மறுபடி ஒரு முடிச்சு. கம்பெனியில் இப்படி ஒன்று என் மேஜைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

"காத்துப் போவணும்னு நீதான சொன்ன" என்றார் அப்பா. கொஞ்சம் வெட்கப்பட்டது போல இருந்தது.

கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று தரையில் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்தேன். கார்டு அசைந்திருந்தது, அழுத்திவிட்டேன். சவுண்டு போர்டில் ஒரு மூலை சரியாக உட்காரவில்லை, இத்தனை நாளும் எப்படித்தான் பாடியதோ. அதையும் அழுத்தினேன். கரண்டைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது, பச்சை விட்டு விட்டு மின்னியது. எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் முடியவில்லை. மாதக்கணக்கில் படுத்திருந்த கால். தொடையில் சதையே இல்லை. கையை ஊன்றினேன், முழங்கால் நடுங்கியது. நடு ஹாலில் உட்கார்ந்துகொண்டு எழ முடியாமல் நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அம்மா உள்ளிருந்து, "என்னா சத்தம்? புள்ள தூங்குது" என்றாள்.

"இவளத் தூக்கி வுடணும், வா" என்றார் அப்பா.

அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

மகளுக்கு இப்போது இரண்டு வயசு முடிந்துவிட்டது. நாங்கள் ஓசூரில் இருக்கிறோம். பழைய கம்பெனியில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன். மாமியார், "புள்ள கொஞ்சம் பெருசாவட்டுமே" என்கிறார். கணவர் இரண்டு பக்கமும் பேசுகிறார். பகலில் இரண்டு அறை வீட்டில் நானும் மகளும்தான்.

அம்மா வீட்டிலிருந்து அந்தப் போர்டை எடுத்து வந்துவிடலாமே, இங்கே உபயோகமாக இருக்கும் என்று கணவர் ஒருமுறை சொன்னார். வேண்டாம் என்றேன். மாடுகளுக்கு அது பழகிவிட்டது. இங்கே வேறொன்று செய்துகொள்கிறேன் என்று சொன்னேன். போர்டு வாங்கி வைத்திருக்கிறேன். மகள் தூங்கும் நேரத்தில்தான் உட்கார வேண்டும். அட்டைப்பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.